பகல் தூக்கத்துக்கு ஒரு சாட்சி

விண்ணப்பத்தின் ஆறாவது கேள்வியில்தான் பேச்சியம்மாளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. ‘கடந்த ஓராண்டில் உங்கள் குழு நடத்திய நிகழ்ச்சிகள்’ என்று அச்சடித்து, கீழே எட்டுக் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

“ஒண்ணும் நடக்காம இருக்கணும்னுதான நாம இம்புட்டுப் பாடுபடுதோம்?” என்றாள்.

“அதை அப்படியே எழுத முடியாதுக்கா” என்றாள் சத்யப்ரியா. ஒன்பதாம் நம்பர் வீட்டுப் பெண். பகலில் கம்பெனி, சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பு. லைனில் இங்கிலீஷ் படிவத்தைப் படித்துச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. “குழுவுக்கு என்ன பேருன்னு வேற கேட்டிருக்காங்க.”

“பிள்ளைகளத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போறதுக்குப் பேரு எதுக்கு?”

பாகலூர் சாலையில் கங்கப்பன் லைன் என்பது எதிரெதிராக இரண்டு வரிசை, மொத்தம் இருபத்து நான்கு வீடு. சிமெண்ட் ஷீட் கூரை. ஒரு வீட்டில் தம்ளர் விழுந்தால் நான்காவது வீட்டில் கேட்கும். பதினான்கு வீட்டில் ஆண்கள் நைட் ஷிப்ட். காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று வரைக்கும் தூங்கியாக வேண்டும்.

தூங்காவிட்டால் என்ன ஆகும் என்று பேச்சியம்மாளுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் லீவு விட்ட முதல் வாரம், பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கிரிக்கெட் ஆடினார்கள். அவள் கணவன் நல்லுசாமி மூன்று பகல் கண்மூடவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் முன்னால் கண்ணசந்துவிட்டான். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து அந்தக் கையை அவன் பேண்ட் பாக்கெட்டை விட்டு வெளியே எடுப்பதில்லை.

அவனுக்குக் கட்டுப் பிரித்த மறுநாள், பேச்சியம்மாள் லைன் பிள்ளைகள் எல்லோரையும் திரட்டிக்கொண்டு பின்னாலிருந்த தைலமரத் தோப்புக்குப் போனாள். லீவு நாளெல்லாம் காலை ஒன்பதுக்குப் போனால் மூன்றுக்குத் திரும்புவார்கள். ஓய்வாக இருக்கும் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கூடப் போனார்கள். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளையும் தளிப் பக்கத்துப் பிள்ளையும் மூன்று பாஷையில் சண்டை போட்டு, அங்கேயே சமாதானமும் ஆகிவிடுவார்கள். அவ்வளவுதான் குழு.

இந்த வருஷம் தோப்பை மனை போட்டு, கல் நட்டு, கம்பி வேலி கட்டிவிட்டார்கள். ரோஜாத் தோட்டக்காரர் வெங்கடப்பனிடம் பழைய கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. வாடகைக்குத் தருகிறேன் என்றார். அந்த வாடகைக்காகத்தான் இந்த விண்ணப்பம். அக்கம்பக்கத்தார் நலனுக்கு உழைக்கும் சிறு குழுக்களுக்கு ஒரு கம்பெனியின் அறக்கட்டளை உதவித்தொகை கொடுக்கிறது என்று சத்யப்ரியாதான் நோட்டீஸ் கொண்டு வந்திருந்தாள்.

எட்டுக் கோடுகளையும் காலியாக விட்டே அனுப்பினார்கள். மே மாதம் இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் பார்க்க ஆள் வருகிறது என்று தகவல் வந்தது.

லைனில் கோயில் விசேஷம் என்றால் முன்னால் நிற்கும் தீர்த்தகிரி கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். “மைக் செட்டுக்குச் சொல்லிட்டேங்க்கா. வாசல்ல ரெண்டு வாழமரம், ஒரு சால்வை. பெரிய மனுசங்க வராங்கோ, சும்மா உட்டா என்னா நெனப்பாங்க?”

“பதினோரு மணிக்கு மைக் போட்டா அவுகல்லாம் எப்படித் தூங்குவாக?”

“ஒரு நாளுதானக்கா.”

“அந்த மாதிரி ஒரு நாளுலதான் எங்க வீட்டுல இவுக வெரலு போச்சு.”

மைக் செட் வேண்டாம் என்று ஆயிற்று. ஆனால் அன்று முழுக்க பேச்சியம்மாளுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. மைக் வைத்தால் செய்கிற வேலை கெட்டுப்போகும். வைக்காவிட்டால் வருகிறவர் எதைப் பார்ப்பார்? மூடிய கதவையா?

மூடிய கதவைத்தான் பார்த்தார். ஹரீஷ்குமார் என்று பெயர். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. ஜீப்பை லைன் முனையிலேயே நிறுத்தச் சொல்லி, பேச்சியம்மாள் ஓடிப்போய் எதிர்கொண்டாள்.

“குழு எங்கம்மா?”

“நாலு பேரு பிள்ளைகளோட மெயின் ரோட்டுப் புளியமரத்தடில இருக்காக சார். லாரி போற எடம், பிள்ளைக ரோட்டுக்கு ஓடாம ரெண்டு பேரு கயிறு பிடிச்சுட்டே நிக்கணும். அதான் கொட்டகை கேக்கோம்.”

“சரி. பயனாளிகள்?”

“தூங்குதாக சார்.”

ஹரீஷ்குமார் வரிசையைப் பார்த்தார். பதினான்கு வாசலில் பதினான்கு ஜோடி ஷூ. எங்கோ ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது. அவர் குரல் தானாகத் தணிந்தது.

“நிகழ்ச்சின்னு எதுவும் போட்டோ இருக்கா?”

“தூங்குறத எப்படி சார் போட்டோ எடுக்க?”

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் குழப்பம்தான் என்று முகத்தில் தெரிந்தது. காகிதத்தை இரண்டு தரம் புரட்டினார். “எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒரு பயனாளியாவது நேர்ல பேசணும். அது இல்லாம ஃபைல் நகராது.”

“மூணு மணிக்கு வாங்க சார். பதினாலு பேரும் பேசுவாக.”

“ஒரு மணிக்கு உத்தனப்பள்ளில இருக்கணும். அங்க முடிச்சு அப்படியே கிருஷ்ணகிரி. இன்னைக்கோட லிஸ்ட் முடியுது.”

பேச்சியம்மாள் வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தாள். எந்தக் கதவு? ஐந்தாம் நம்பரில் இருப்பவன் உலைக்களத்தில் வேலை, உருகிய இரும்பு ஊற்றுபவன். அவனை எழுப்பக் கூடாது. பன்னிரண்டில் இருப்பவனுக்கு இப்போதுதான் கல்யாணம். பதினாறில் டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தான். எண்ணிக்கொண்டே வந்தவள் கடைசியில் தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். அடுத்தவன் தூக்கத்தை எடுத்துக் கொடுக்க அவள் யார்? தன் கணவனுடையதை எடுத்துக் கொடுக்க மட்டும் அவள் யார்? தெரியவில்லை. கொட்டகை இல்லாவிட்டால் பதினான்கு பேருக்கும் தூக்கமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கதவைத் தள்ளினாள்.

“ஏங்க.”

நல்லுசாமி சுவரைப் பார்த்துப் புரண்டான்.

“ஏங்க, எந்திரிங்க. நீங்க நல்லாத் தூங்குறீகளான்னு கேக்க ஒரு சார் வந்திருக்காரு.”

அவன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். “பேச்சி, உனக்கென்ன கிறுக்கா?”

ஆனாலும் எழுந்தான். முகம் கழுவி, சட்டை மாட்டி, வேப்பமரத்தடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். பத்து நிமிஷம்தான் என்று ஹரீஷ்குமார் தொடங்கிய பேச்சு ஐம்பது நிமிஷம் ஓடியது. கேள்விகள் அப்படி.

“ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள, உங்க தூக்கத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?”

“இன்னைக்கா சார்?”

“பொதுவா.”

“பொதுவா ஒம்பது. இன்னைக்கு ரெண்டு.”

ஹரீஷ்குமார் ஒன்பது என்று எழுதினார். குழுவால் என்ன மாற்றம் என்று கேட்டார். நல்லுசாமி பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து மடிமேல் வைத்தான். “இது மூணு வருசத்துக்கு முன்னாடி சார். அதுக்கப்புறம் இந்த லைன்ல ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல.” பிறகு கையை மறுபடி உள்ளே போட்டுக்கொண்டான்.

ஹரீஷ்குமார் அதையும் எழுதிக்கொண்டார். போகும்போது, “நான் சிபாரிசு பண்றேம்மா. அடுத்த வாரம் லெட்டர் வந்துரும்” என்றார். சத்தம் கேட்கக் கூடாதென்று ஜீப்பை டிரைவர் சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்பினான்.

நல்லுசாமி மறுபடி படுத்தான். தூக்கம் வரவில்லை. ஷீட் சூடேறிவிட்டிருந்தது. “லீவு போடுங்களேன்” என்று அவள் கேட்டதற்கு, “என்னன்னு சொல்லிப் போட? நல்லாத் தூங்குறேன்னு சாட்சி சொன்னதுல தூக்கம் போச்சுன்னா?” என்றான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எப்போதும்போல பஸ் ஏறினான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பேச்சியம்மாள் சாலைக்கு வந்துவிட்டாள். ஒரு நாளும் அவள் அப்படி வந்ததில்லை. ஏழேகால் ஆயிற்று. ஏழரை ஆயிற்று. பஸ் இன்றைக்குப் பார்த்துத் தாமதமா, வேறு எதற்காவது தாமதமா? கொட்டகை கிடைத்துவிடும் என்பது நினைவிருந்தது. ஆனால் அது நல்ல செய்தியா என்று சொல்லத் தெரியவில்லை.

ஏழு நாற்பதுக்கு பஸ் வந்தது. கும்பலோடு நல்லுசாமி இறங்கினான். கண் இரண்டும் சிவந்திருந்தன. இரண்டு கையும் பாக்கெட்டில் இருந்தன. டிபன் பாக்ஸ் பை தோளில் தொங்கியது.

“கைய எடுங்க” என்றாள்.

“நடுரோட்டுல என்ன?”

“எடுங்கங்கேன்.”

எடுத்தான். வலது கை முழுசாக இருந்தது. இடது கையில் மூன்று விரல், நேற்று இருந்தபடியே. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கூட இறங்கிய தீர்த்தகிரி, “இன்னாக்கா, ரேகை பாக்கறியா?” என்றான். ஐந்தாம் நம்பர்க்காரன் சிரித்துக்கொண்டே கடந்து போனான்.

வீட்டுக்கு நடக்கும்போது நல்லுசாமி கேட்டான். “அந்த சாரு மறுபடி வருவாரா?”

“மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாப்பாராம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளு பேசணுமாம்.”

அவன் கொட்டாவி விட்டான். “அடுத்த தடவை பத்தாம் நம்பரத் தட்டு.”

வேடிக்கைக்குச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் படுத்ததும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பிள்ளைகளைத் திரட்டக் கிளம்பினாள். பத்தாம் நம்பர் வாசலைக் கடக்கும்போது மட்டும், அங்கே கழற்றிப் போட்டிருந்த ஷூவைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.