வேன் நின்ற வாரம்

எங்கள் கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஆபீசில் வேலையில்லாமல் இருந்த ஒரே தலை அதுதான். யார் யார் எதில் வேலைக்கு வருகிறார்கள் என்று ஒரு வாரம் கணக்கெடுக்க வேண்டும். கார், வேன், பைக், பஸ், நடை என்று கட்டம் போட்ட தாள். நடப்பவர்கள் கூடினால் மதிப்பெண் கூடும்.

முதல் தடவை எடுத்ததில் ஆறு மாடியிலும் கார்தான். நாலு தெரு தள்ளியிருக்கிற நானே பைக்கில் வருகிறவன். நடந்தால் என் தொப்பை கோபித்துக்கொள்ளும்.

மேனேஜர் தாளைப் பார்த்து மோவாயைத் தடவினார்.

"கூட்டிப் பெருக்குற பொம்பளைங்க பதினோரு பேரும் எதுல வர்றாங்க?"

"நம்ம வேன்ல சார்."

"ஒரு வாரம் வேனை நிறுத்து. மறுபடி எடுப்போம்."

நான் வீராவேசமாக என்ன செய்தேன்? டிரைவருக்குப் போன் போட்டு நிறுத்தினேன். ஒரு வாரம்தானே என்று மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்தேன். அது சீக்கிரம் தூங்கும் ரகம்.

மறுபடி எடுத்த கணக்கில் மதிப்பெண் எகிறியது. வாரம் முடிந்தும் வேன் வரவில்லை. சான்றிதழ் கொடுக்கிற ஆய்வாளரம்மா வந்து போகட்டும் என்றார் மேனேஜர். அதற்குள் நாலு வாரம் ஓடிவிட்டது.

மூன்றாம் மாடியைத் துடைக்கும் அக்கா படிக்கட்டில் என்னை மடக்கினார்.

"ஒரு வாரம்னு சொன்னீங்களே தம்பி, உங்க வீட்டுல வாரத்துக்கு எத்தனை நாளு?"

நான் பல்லைக் காட்டினேன்.

"விடியுறதுக்கு முன்னாடி பஸ்ஸு கிடையாது. ஏழு கிலோமீட்டர். முட்டி ரெண்டும் உரல் மாதிரி வீங்கிக் கிடக்கு. மூணு நாள் லேட்டு. இன்னொரு நாள் லேட்டானா வராதேன்னுட்டாரு காண்ட்ராக்டர்."

நான் மேனேஜரிடம் ஓடினேன். "காண்ட்ராக்ட் ஆளுங்க நம்ம பொறுப்பில்ல" என்றார். மதிப்பெண்ணுக்கு மட்டும் நம்ம ஆளு!

மறுநாள் ஆய்வாளரம்மா வந்தார். தாளைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"பதினோரு பேர் நடந்தே வர்றாங்களா! ஒருத்தரையாவது பாக்கணுமே."

அக்காவைக் கூப்பிட்டார்கள். துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒரு காலில் நின்றார்.

"இவங்களுக்கு நடக்கறதுன்னா உசுரு மேடம்" என்றார் மேனேஜர். "ஒரு போட்டோ எடுத்து வாசல்ல மாட்டலாம்னு இருக்கோம்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் சிரிப்பார்கள். அன்று வந்தது வேறு ஜாதிக் கோபம். காதெல்லாம் சுட்டது.

"பொய் மேடம். இவங்க வந்துக்கிட்டிருந்த வேனை நிறுத்தி நடக்க வெச்சோம். நிறுத்தினதும் நான்தான், தாள்ல நடைன்னு டிக் வாங்கினதும் நான்தான்."

ஆய்வாளரம்மாவின் பேனா நின்றது.

"இவருக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல மேடம்" என்றார் மேனேஜர்.

"எனக்கென்ன சார், குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நிக்க முடியாதவங்க இவங்க. முட்டியைப் பாருங்க!"

சத்தம் ஆறு மாடிக்கும் கேட்டிருக்கும். அதே சூட்டில் டிரைவருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணே, நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வண்டி எடுங்க."

"யாரு சொன்னா?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். ஆய்வாளரம்மாவும் கண்ணாடியை இறக்கிவிட்டு அவரைத்தான் பார்த்தார்.

"எடுக்கச் சொல்லு" என்றார் மேனேஜர், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு.

"அஞ்சரை வேணாம் தம்பி," என்றார் அக்கா. "அஞ்சேகாலுக்கு வரச் சொல்லுங்க. பதினோரு பேரையும் ஏத்தணும்ல."