உள் எண் 299

நான் பராமரிக்கும் தொலைபேசி இணைப்பகம் ஒரு மருத்துவமனையின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நான் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறேன். பீரோ அளவுள்ள அந்தப் பழைய பெட்டிக்குள் நுழைய ஒரே வழி மோடம். மருத்துவமனையின் பொது எண்ணை அழைப்பேன். பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் அதை உள் எண் 299க்கு மாற்றிவிடுவார். அங்குள்ள மோடமும் என் மோடமும் சற்று நேரம் கீச்சிட்டுக்கொண்டதும், என் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வரும். பூஜ்ஜியத்தை அழுத்தினால் கிடைப்பவர் என்பதால் அந்த ஆபரேட்டருக்கு ஜீரோ அக்கா என்று பெயர். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

அன்று காலை, பயன்படாத உள் எண்களை நீக்கும் வேலை. ஓராண்டாக ஒருமுறைகூட யாரையும் அழைக்காத எண்கள் எவை என்று பெட்டியிடமே கேட்டேன். பதினேழு எண்களைத் தந்தது. வரிசையாக நீக்கிக்கொண்டே போனேன். பதினாறாவதில் திரை உறைந்தது.

மோடம் யாரையும் அழைப்பதில்லை. வருகிற அழைப்பை வாங்கிக்கொள்ள மட்டும் செய்யும். ஆகவே 299ம் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"299ஐ நானே அழிச்சுட்டேன்க்கா."

"சாவிய உள்ள வச்சே கதவப் பூட்டிட்டீங்க. அப்படித்தானே?"

"அதேதான்."

நாம் செய்யும் மாற்றம் முதலில் பெட்டியின் நினைவகத்தில்தான் இருக்கும். தினமும் பகல் பன்னிரண்டுக்கு அது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும். அதற்குள் மின்சாரத்தை அணைத்துப் போட்டால், நேற்று எழுதியதைப் படித்துக்கொண்டு எழும்; 299 திரும்பிவிடும். பன்னிரண்டு தாண்டினால் நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். இன்னொரு முறை ஆள் வரவேண்டியிருந்தால் பெட்டியையே மாற்றிவிடுவதாக நிர்வாக அலுவலர் சொல்லியிருந்தார். புதிய பெட்டியில் பதிவுசெய்த குரலே அழைப்புகளை எடுக்கும். ஆபரேட்டர் தேவையில்லை.

மணி 11.48.

"அணைச்சா ஆறு நிமிஷம் எந்த ஃபோனும் பேசாது. யாராவது லைன்ல இருக்காங்களா?"

"ஆபரேஷன் தியேட்டர் மட்டும். ரத்த வங்கிக்காரங்க ஸ்டாக் பாத்துட்டு வரோம்னு காக்க வச்சிருக்காங்க."

"முடிஞ்சதும் அணைங்க."

11.56க்கு மறுபடி கேட்டேன். "இன்னும் வரல தம்பி."

"பன்னிரண்டானா உங்க வேலை..."

"தெரியும். ஆபீசர் மூணு தடவ சொல்லிட்டார். அந்த மனுசனுக்கு என் குரலே ஆகாது. கைய சுவிட்ச் மேலதான் வச்சிருக்கேன். அந்த லைன் விளக்கு அணையணுமே."

மணி பன்னிரண்டு ஆனது.

"டிஸ்க் விளக்கு மினுக்குது" என்றார்.

"எழுதுதுக்கா."

"சரி, கைய எடுத்துடறேன். வலிக்குது."

தியேட்டரின் அழைப்பு 12.04க்கு முடிந்தது. கேட்ட ரத்தம் இருக்கிறதாம், வண்டி கிளம்பிவிட்டதாம்.

"தப்பு என்னோடதுன்னு ஆபீசருக்கு அறிக்கை அனுப்பிடறேன்" என்றேன்.

"அனுப்புங்க. அணைக்காம விட்டது நான்னும் ஒரு வரி சேருங்க. ஏன்னு அவர் கேக்கட்டும், சொல்லிக்கறேன்."

இரண்டையும் நேரம் குறித்து எழுதி அனுப்பினேன்.