ஆல்டர்வெல்லின் முதுகுகள்

1809-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, ஆல்டர்வெல் ஊற்று மண்டபத்தில் வியாதி தீருமென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நூற்றுப் பதினான்கு பேர் தியடோசியா சீமாட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். அதன் பிறகு அவர்களில் ஒருவராலும் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. மனமில்லாமல் அல்ல, கழுத்து வரவில்லை. அவள் கிழக்கே நின்றால் அவர்கள் உடம்பு தானாக மேற்கே சுற்றிக்கொண்டது. முதலில் திரும்பியவர் பாதிரியாரின் மனைவி திருமதி பெல்ஹாம். ஆணி ஊறிய வாசனையடிக்கும் எங்கள் ஊற்றுத் தண்ணீரை அந்த அம்மாள் பாதி குடித்திருந்தார். மீதியைச் சுவரைப் பார்த்தபடி குடித்து முடித்தார்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தியடோசியா, ஹாரோமியர் பிரபுவின் ஒரே மகள். இருபது வயது. அப்பாவின் சம்மதம் கிடைக்காது என்று தெரிந்து, ஒரு கடற்படை லெப்டினென்டோடு, பெற்றவர் சம்மதம் கேட்காத ஸ்காட்லாந்தின் எல்லையைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொள்ளப் புறப்பட்டாள். ஐந்தாம் நாள், எல்லைக்கு இன்னும் பதினேழு மைல் இருக்கும்போது வண்டி கவிழ்ந்து அந்தப் பிள்ளை சக்கரத்துக்கு அடியிலேயே போய்விட்டான். நான்கு இரவுகள் ஆகியிருந்தன, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அவள் அவனை அங்கேயே புதைத்துவிட்டுத் தபால் வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தனியாக ஊர் திரும்பினாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஊற்று மண்டபத்துக்கு வந்தாள். எப்படியும் பார்க்கப்போகிறவர்கள், இன்றைக்கே பார்த்துவிடட்டும் என்று நினைத்தாளாம். அவளைப் பெற்ற பிரபு மண்டபத்தில் இல்லை. தன் புத்தக அறையில் இருந்தபடியே செய்தி கேட்டுத் திரும்பினார். ஏழு வருடம் கழித்துச் சாகக் கிடந்தபோது மகளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் போனாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

வாரம் முடிவதற்குள் கடையிலும் தெருவிலும் இன்னொரு முந்நூறு பேர் திரும்பிவிட்டார்கள். நீரூற்றுக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களும், திருமதி பெல்ஹாம் மனம் கோணக்கூடாதே என்று வந்த அன்றே முதுகைக் காட்டிவிட்டு மாட்டிக்கொண்டார்கள். மருந்துக்கடை ஃபென் கழுத்துக்குக் கடுகுப் பற்றுப் போட்டுப் பார்த்தார். தோல் உரிந்ததுதான் மிச்சம். தையல்காரி ஒருத்தி கண்ணாடி பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியிலும் சீமாட்டியின் பின்கொண்டைதான் தெரிந்தது. எல்லாரையும்விடப் பாவம் பாதிரியார் பெல்ஹாம். அவள் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் வந்து உட்கார்ந்ததும் அவர் சபைக்கு முதுகைக் காட்டி, பலிபீடத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய வேண்டியதாயிற்று. கத்தோலிக்கக் குருமார்தான் அப்படி நிற்பார்கள், மனுஷன் கத்தோலிக்கராகிவிட்டார் என்று பிஷப்புக்கு மொட்டைக் கடிதம் போனது. அது தெரிந்ததும் தியடோசியா கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். திருமதி பெல்ஹாம் அந்தக் கடிதத்தையும் அவள் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். ஊருக்குக் கோபம் மூன்று வருடத்தில் ஆறிப்போனது, கழுத்துதான் நேராகவில்லை. ஆட்டுச் சந்து முனையில் இருந்த சின்ன வீட்டில், வடக்கேயிருந்து வந்த கெசியா என்ற வேலைக்காரியோடு அவள் குடியிருந்தாள். யார் இடுப்புப் பெருத்தது, யார் கோட்டில் ஒட்டுப்போட்டது, யாருக்குக் கூன் விழப்போகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஜெர்வேஸ் டாலண்ட் 1814 ஏப்ரலில் வந்தான். லண்டன் மைனர். மூன்று நிச்சயதார்த்தங்களை முறித்தவன், ஒரு புருஷனின் காதைத் துப்பாக்கியால் பறித்தவன். அந்தக் காது விவகாரம் அடங்கட்டும் என்றுதான் தங்கை லெட்டிஸைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்திருந்தான். வண்டியிலிருந்து இறங்கியவன் கண்டது இதுதான்: கடைத்தெரு முழுக்க ஜனம் சுவரைப் பார்த்து நிற்கிறது, நடுத்தெருவில் ஒரு பெண் மட்டும் கூடையில் வெங்காயத்தாளோடு நடந்து வருகிறாள்.

"ஏங்க, ஊருக்கு ராஜா யாராவது வர்றாரா? எல்லாரும் சுவத்தப் பாத்து நிக்கிறாங்களே?"

"ராஜா இல்லீங்க. நான்தான் வர்றேன்."

சொல்லிவிட்டு அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தப் பெண்ணின் பார்வைக்கும் கூசாதவனுக்குக் காது சிவந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. கெசியாவையும் தெருவுல ஓடற சின்னப் பிள்ளைங்களையும் விட்டா, நான் ஒரு முகத்த நேரா பாத்து நாலரை வருஷம் ஆச்சு. ஆம்பளைங்களுக்கு மூக்கு இவ்வளவு முன்னாடி வரும்னே மறந்துபோச்சு."

அவன் அவள் வீட்டுக்குப் போனது நல்ல எண்ணத்தோடு அல்ல. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அங்கே அவனுடைய வித்தை எதற்கும் வேலையில்லாமல் போயிற்று. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வெளிச்சத்துல உக்காருங்க, போதும்" என்றாள். ஒரு மணி நேரம் பார்த்தாள். பிறகு தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். மறுநாள் அவன் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டு போனான். ஒரு மாதத்தில் சீட்டாட்டம் போனது, இரண்டு மாதத்தில் குடி குறைந்தது, செப்டம்பரில் அவன் முழங்காலிட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டான். அப்போது அவன் பொய் சொல்லவில்லை; வாழ்நாளில் அதுதான் முதல் தடவை என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

"இங்க கேக்காதீங்க. மண்டபத்துல, பன்னெண்டேகாலுக்கு, எல்லாரும் இருக்கறப்போ வந்து என் முகத்தப் பாத்துக் கேளுங்க. எனக்கு வேற சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம்."

"அவ்வளவுதானே? வர்ற திங்கக்கிழமை."

அந்தத் திங்கள் காலை திருமதி பெல்ஹாம் லெட்டிஸைக் கூப்பிட்டனுப்பினார். பாதிரியாரின் அண்ணன் மகனுக்கும் லெட்டிஸுக்கும் வியாழக்கிழமை கல்யாணம். உன் அண்ணன் மண்டபத்தில் அந்தப் பெண்ணோடு பேசினால் மாப்பிள்ளை அன்றைக்கே லண்டனுக்கு வண்டி ஏறிவிடுவான் என்று அந்த அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். லெட்டிஸ் ஓடிவந்து மண்டபத்து வாசலிலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, உன் கால்ல விழறேன். இன்னைக்கு ஒரு நாள் அவங்களத் தெரியாத மாதிரி இரு. வியாழக்கிழமை முடிஞ்சதும் நீ அவங்களத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடு, நான் கேக்க மாட்டேன்."

"அவ வந்துடுவா லெட்டிஸ். என்னப் பாத்துட்டே வருவா."

"அப்ப ஒரே ஒரு நிமிஷம் திரும்பிக்கோ. நாளைக்குப் போய்ச் சமாதானம் சொல்லிக்கோ. உனக்கென்ன, பொம்பளைங்கள சமாதானம் பண்றது புதுசா?"

புதிதில்லை. அங்கேதான் அவன் புத்தி சறுக்கியது. எத்தனையோ வீட்டு வாசலில் மறுநாள் பூங்கொத்தோடு போய் நின்று எல்லாவற்றையும் நேராக்கியவன் அவன். ஊர்க்காரர்களின் கழுத்து விஷயம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது வெறுப்போடு திரும்பியவர்களுக்கு நேர்ந்தது, நெஞ்சு நிறைய ஆசை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் திரும்புகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் நினைத்தான்.

பன்னிரண்டேகாலுக்கு அவள் வந்தாள். சாம்பல் நிறத்தில் புது உடுப்பு, கெசியா தைத்தது. மண்டபம் முழுவதும் ஒரே அசைவில் சுவர்ப் பக்கம் திரும்பிற்று. வாத்தியக்காரர்களும் திரும்பிக்கொண்டு வாசிப்பை நிறுத்தாமல் வாசித்தார்கள். அத்தனை முதுகுகளுக்கு நடுவில் ஒரே ஒரு முகம் இருந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். இன்னும் பத்தடி இருந்தது. லெட்டிஸ் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஜெர்வேஸ் திரும்பினான்.

காலடிச் சத்தம் நின்றதை அவன் கேட்டான்.  பிறகு அதே காலடி திரும்பி, அவசரப்படாமல் வாசலை நோக்கிப் போயிற்று. அவன் உடனே, அந்தக் கணமே திரும்பப் பார்த்தான். உடம்பு வரவில்லை. கையால் தாடையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தான். எதிரே இருந்த தூணில் நெற்றியை மோதிக்கொண்டு, ஊரார் முன்னிலையில் அந்த லண்டன் மைனர் குழந்தை மாதிரி அழுதான்.

மறுநாள் பூங்கொத்தோடு பின்பக்கமாகவே நடந்து ஆட்டுச் சந்துக்குப் போனான். வழியில் இரண்டு தடவை விழுந்தான். குதிகாலால் கதவைத் தட்டினான். கெசியா திறந்து பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்: "அம்மா, உங்களத் தேடி இன்னொரு முதுகு வந்திருக்கு."

கதவு மூடிக்கொண்டது. அவன் தினமும் வந்தான். மழையிலும் வந்தான், பனியிலும் வந்தான். வாசலுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்று, தான் செய்ததைத் தெருவிடமே சொன்னான். எட்டு மாதம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூன் மாதம் ஒரு காலையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"நாலு படி இருக்கு. பாத்து ஏறுங்க" என்றாள்.

நெப்போலியன் தோற்ற செய்தி வந்த வாரத்தில் கல்யாணம் நடந்தது. ஊர் மணிகள் அடித்தன, இவர்களுக்காக அல்ல. பாதிரியார் பலிபீடத்தைப் பார்த்து நின்றார், மாப்பிள்ளை ஒரு பக்கச் சுவரைப் பார்த்து நின்றான், மோதிரத்தைக் கையைப் பின்னால் நீட்டித் தடவிப் போட்டான். லெட்டிஸின் கல்யாணமும் குறித்த வியாழக்கிழமையே நன்றாக நடந்து முடிந்திருந்தது. அவள் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தாள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

தச்சன் ஒருவன் முதுகோடு முதுகு சேர்த்து இரட்டை நாற்காலி ஒன்று செய்து கொடுத்தான். அதில் அவள் கணப்பைப் பார்த்தும் அவன் ஜன்னலைப் பார்த்தும் உட்கார்ந்து முப்பத்தைந்து வருடத்தை ஓட்டினார்கள். வெளியே போனால் அவன் முன்னால், அவள் பின்னால். படுக்கையில் அவள் அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு தூங்குவாள். பாத் நகரிலிருந்து ஓவியர் ஒருவரை வரவழைத்து அவளை வரையச் சொன்னான். படத்தை மாட்டியதும் உடம்பு படத்துக்கும் முதுகைக் காட்டியது. 1819-இல் ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் இருந்தது. மூக்கும் நெற்றியும் அப்படியே அம்மாதான் என்று கெசியா சொன்னாள். அந்த ஒன்பது நாளும் அவன் குழந்தையைக் கீழே விடவில்லை. பத்தாம் நாள் பாதிரியார் வந்து கையிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.

தினமும் காலையில் அவன் சமையலறைக்குப் போய்க் கெசியாவிடம் கேட்பான்.

"இன்னைக்கு எப்படி இருக்கா?"

"இடது கன்னத்துல மாவு ஒட்டியிருக்குய்யா. சொல்லிடாதீங்க, பாக்க நல்லா இருக்கு."

இன்னொரு நாள், "நெத்தி ஓரமா நரை விழுந்திருக்கு. உங்களால வந்ததுன்னு சொல்லச் சொன்னாங்க."

முப்பது வருடத்தில் இந்த ஊர் மாறிவிட்டது. திரும்பியவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பிறந்தவர்கள் வளர்ந்து கடை வைத்தார்கள், மண்டபத்தில் தண்ணீர் குடித்தார்கள், சீமாட்டியைக் கண்டால் தொப்பியைத் தூக்கி முகம் பார்த்து வணக்கம் சொன்னார்கள். புதுக் கசாப்புக் கடைக்காரன் அவளோடு எதிரெதிரே நின்று ஆட்டுக்காலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவான். பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜெர்வேஸுக்கு அவன்மேல் வந்த பொறாமை, லண்டனில் எந்தப் புருஷனுக்கும் தன்மேல் வந்திருக்காது என்று தோன்றும். ஊரில் எல்லாருக்கும் கிடைத்தது அவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அது அவன் கையாலேயே செய்துகொண்டது.

"என்ன வெறுக்கறியா தியா?" என்று ஒரு தடவை ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்.

"முதல் வருஷம் வெறுத்தேன். அப்புறம் உங்க காலரு கிழிஞ்சிருந்துது. தைக்க உக்காந்தேன். அதோட விட்டுப்போச்சு."

1851 பிப்ரவரியில் அவளுக்கு மார்ச்சளி கட்டிக்கொண்டது. அவன் கட்டில் ஓரத்தில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் கை அவன் பிடரியில் இருந்தது. கெசியாவிடம் அந்த வாரம் அவன் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை.

"இப்ப திரும்ப முடிஞ்சாலும் திரும்பாதீங்க. அடையாளம் தெரியாது" என்றாள் தியடோசியா.

"நீ என்னப் பாத்துச் சிரிச்சுட்டு வந்தியே, எனக்கு அந்த மூஞ்சிதான் இன்னமும்."

"அப்ப எனக்கு நீங்க கெடைச்சுட்டீங்கன்னு இருந்துது."

அவன் வியாழக்கிழமை பகல் ஜன்னலுக்கு வெளியே தெரிவதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தபால்காரன் வழுக்கி விழுந்ததைச் சொன்னான், எதிர்வீட்டு நாய் அவன் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடியதைச் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கழுத்து இளகியது. இரண்டு மணி பத்து நிமிடம். மூச்சு நின்ற சத்தம் கேட்கவில்லை, பிடரியிலிருந்த கை நழுவவும் இல்லை. அவனுக்குக் கழுத்தால்தான் தெரிந்தது.

அதே நிமிடத்தில் ஊரில் மிச்சமிருந்த பதினோரு கிழங்களுக்கும் கழுத்து நேரானது. எண்பத்தாறு வயதுத் திருமதி பெல்ஹாம் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆட்டுச் சந்துப் பக்கம் திரும்பி, "போயிட்டாளா?" என்றார். சாவுமணி அடிக்கும் முன்பே ஊருக்குச் செய்தி அப்படித்தான் தெரிந்தது. பதினோரு பேரும் மறுநாள் வந்தார்கள். இப்போது பார்க்கலாம், தடையில்லை. ஆனாலும் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்களே தவிர, ஒருவருக்கும் மாடியேறத் துணிவில்லை.

ஜெர்வேஸ் அந்த நாய் என்ன செய்தது என்பதை அவளுக்குச் சொல்லி முடித்தான். பிறகு பிடரியிலிருந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, முப்பத்தாறு வருடத்துக்குப் பின் முதல் தடவையாகத் திரும்பினான். சனிக்கிழமை அடக்கம் என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை ஆட்கள் பெட்டியோடு மாடியேறியபோது, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே சொன்னான். புதுப் பாதிரியார் வெளியூர்க்காரர், கதையை ஊராரிடம் ஒரு தடவை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அவர் பார்த்து முடிக்கட்டும் என்று சொல்லி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார். புதன்கிழமைவரை ஊர் காத்திருந்தது.