ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வைத்தியர்

அக்கா வாழ்நாளில் முதல்முறை விமானம் ஏறியது வெளிநாட்டில் இருக்கும் அந்த ஏரியைப் பார்க்கத்தான். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே முப்பது வருஷத்தைக் கழித்தவள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை ஏரிக்குக் கிளம்பிய எங்கள் சுற்றுலாப் பேருந்து, வழியில் ஒரு நீளமான கட்டடத்தின் முன் நின்றது. "பாரம்பரிய வைத்திய மையம். அரை மணி நேரம்தான், இலவசம்" என்றார் வழிகாட்டி. நாங்கள் இறங்கியதும் பேருந்தைப் பூட்டிவிட்டார்கள். வெளியே மழை. உள்ளே போவதைத் தவிர வேறு வழியில்லை.

வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, அவர் மொழியில் நாலே வார்த்தை சொன்னார். வழிகாட்டி அதை நீட்டி முழக்கினார்.

"கல்லீரல் கெட்டுப்போச்சாம் மேடம். விட்டா ஆறு மாசம் தாங்காதாம். மருந்து இங்க மட்டும்தான் கிடைக்குமாம்."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிப்பவள். "டெஸ்ட் எதுவும் எடுக்காம எப்படிச் சொல்றாருன்னு கேளுங்க" என்றேன். வழிகாட்டி கேட்கவே இல்லை. பக்கத்து மேசையில், எங்கள் குழுவில் வந்த மளிகைக்கடைக்காரருக்கும் கல்லீரல்தான் கெட்டிருந்தது. அதற்கடுத்த மேசையில் புதுமணப்பெண்ணுக்கும் அதே கல்லீரல்.

"எழுந்திரு அக்கா, போலாம்."

"சும்மா இருடி. உசிரு விஷயம்."

கையில் இருந்ததையெல்லாம் கொட்டிக் கொடுத்து டப்பா டப்பாவாகப் பொடி வாங்கினாள்.

வாசலில் வழிகாட்டியை மடக்கினேன். "உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. "டூர் கம்பெனி எனக்குச் சம்பளமே தர்றதில்ல மேடம். உங்க குரூப்பையே நான் கம்பெனிக்குக் காசு குடுத்துத்தான் எடுத்தேன். நீங்க வாங்கினா வர்ற கமிஷன்லதான் என் வீட்ல அடுப்பு எரியும்."

சொன்ன கையோடு, பயணம் திருப்தி என்று எழுதிய படிவத்தை எல்லோரிடமும் நீட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். நான் போடவில்லை. எனக்கு வந்த கோபம் அந்த ஆளை நினைத்தா, அவரை அப்படி வைத்திருக்கும் கம்பெனியை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஏரிக்கரையில் கால் மணி நேரம் விட்டார்கள். அக்கா இறங்கவில்லை. டப்பாக்களை மடியில் அணைத்தபடி, முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். அக்கா கையெழுத்திட்ட படிவத்தின் நகல்தான் பதிலாக வந்தது.

இரண்டு மாதம் கெஞ்சி அவளிடம் ரத்தம் எடுத்தேன். நானே சோதித்தேன். கல்லீரலில் ஒரு குறையும் இல்லை. ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"பாத்தியா, மருந்து எப்படிக் கேட்டிருக்குன்னு" என்றாள். "பொடி தீரப்போகுது. கம்பெனில விசாரிச்சேன், தபால்லயே அனுப்புவாங்களாம்."