பதினான்கு கிராம் புரோட்டீன்

கினோவா என்கிற சீமைத் தானியத்தில் நூறு கிராமுக்குப் பதினான்கு கிராம் புரோட்டீன் இருக்கிறது என்பது ஜவ்வாது மலையில் இப்போது ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். வெற்றிச்செல்வன் அத்தனை முறை மைக்கில் சொல்லியிருந்தார். வேலூரில் ஏதோ ஓர் அறக்கட்டளையின் ஊட்டச்சத்து ஆலோசகர் அவர். போன வருஷம் ஜீப்பில் வந்து இறங்கியவர், காலங்காலமாகச் சாமைச் சோறு தின்று மலையேறி இறங்கிக்கொண்டிருந்த ஜனங்களைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் சத்தே இல்ல" என்று கண் கலங்கினார். தனக்குச் சத்தில்லை என்பது ஈஸ்வரிக்கு அன்றுதான் தெரிந்தது. அப்போது அவள் தலையில் ஒரு கட்டு விறகு இருந்தது.

அவள் புருஷன் கோபால்சாமிக்கு, புதுசாக எது வந்தாலும் முதல் ஆளாகக் கை தூக்குகிற வியாதி. இருந்த நிலமே இரண்டு கொல்லைதான்; அதில் மேலக் கொல்லையைக் கினோவாவுக்குக் கொடுத்தான். பயிர் நன்றாகத்தான் வந்தது. குறை சொன்னால் வாய் புழுத்துப் போகும். கதிர் செக்கச்செவேலென்று நின்றது. காவலுக்கும் ஆள் வேண்டியிருக்கவில்லை.

"பாத்தியா, ஒரு குருவிகூடத் தொடல" என்று பெருமைப்பட்டான்.

"அதாங்க எனக்கும் பயமா கீது" என்றாள் ஈஸ்வரி.

இப்போது வெற்றிச்செல்வன் கீழக் கொல்லையையும் கேட்டார். அதில் விளைகிற சாமைதான் வருஷம் முழுக்க வீட்டுச் சோறு. ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் வருகிற வருஷம் பானையில் சாமை கிடையாது. ஈஸ்வரி புருஷனிடம் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். "புரோட்டீனப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று ஒரே பதில்தான் வந்தது. அறுவடைப் பொங்கல் வைத்து, எல்லோரும் தின்றுவிட்டுக் கையெழுத்து என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதுத் தானியத்தில் வைக்கும் முதல் பொங்கலுக்குக் கழுவக் கூடாது. புடைத்து, கல் பொறுக்கி, அப்படியே பானையில் போட வேண்டும். கழுவினால் விளைச்சல் தண்ணீரோடு போய்விடுமாம். சாமைக்கு அப்படித்தான், கேழ்வரகுக்கும் அப்படித்தான். கினோவாவுக்கு வேறு சட்டம் என்று வெற்றிச்செல்வனின் இரண்டு மணி நேர மைக் பேச்சில் யாரும் சொல்லவில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. சாமிக்குப் படைத்த முதல் பொங்கலை இலையில் மீதி வைக்கக் கூடாது.

பானை நுரை தள்ளியது. துணி ஊறவைத்த வாளி மாதிரி தள்ளியது.

"புரோட்டீன் பொங்குது" என்றான் கோபால்சாமி.

சாமிக்குக் காட்டி முடித்து, விருந்தாளிக்கு முதல் இலை போட்டார்கள். வெற்றிச்செல்வனின் உதவியாளர் நதியா செல்போனில் வீடியோ எடுக்க, அவர் ஒரு கவளம் வாயில் போட்டார். முகம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"அருமை" என்றார். கண்ணில் தண்ணீர். "இந்தக் கசப்பு இருக்கே, இதுதாம்மா சத்து."

சத்து என்று சொன்ன பிறகு ஈஸ்வரி சும்மா இருப்பாளா? "இன்னும் ரவோண்டு போட்டுக்கங்க" என்று அகப்பை நிறைய வைத்தாள். மனசாரத்தான் வைத்தாள். அவர் தின்றார். மறுபடியும் வைத்தாள். பக்கத்து இலையில் கோபால்சாமி விளக்கெண்ணெய் குடித்தவன்போல விழுங்கிக்கொண்டிருந்தான். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் எப்படித் துப்புவான்?

மூன்றாம் தடவை அகப்பை வருவதைப் பார்த்ததும் ஆலோசகருக்கு மானம் பறந்தது. "அம்மா, வேற எதாவது இருக்குமா?"

"சாமைச் சோறும் மொச்சைக் கொழம்பும் கீதுங்க. ஆனா அதுல சத்து இல்லீங்களே."

சத்தில்லாத அதை அவர் இரண்டு முறை வாங்கித் தின்றார்.

அதற்குள் நதியா செல்போனில் எதையோ தேடிப் படித்துவிட்டாள். "சார், தோல்லதான் கசப்பாம். நுரை நிக்கற வரைக்கும் ஏழு தண்ணி விட்டுக் கழுவிட்டுத்தான் ஆக்கணுமாம்."

"எங்க வீட்ல பாக்கெட்தானேம்மா. கழுவியே வந்துடும்" என்றார் வெற்றிச்செல்வன். ஆனாலும் தெம்பு வந்துவிட்டது. "அவ்ளோதான் விஷயம்! கழுவிட்டா போச்சு. பதினாலு கிராம் எங்கயும் போவாது" என்று கோபால்சாமி கையில் பேனாவைக் கொடுத்துத் தாளை விரித்தார்.

"ஏழு தண்ணிங்களா?" என்றாள் ஈஸ்வரி. "ஊத்து அதோ, அந்தப் பள்ளத்துல கீதுங்க. தெனம் இன்னும் நாலு நட எறங்கி ஏறணும். அதுக்கு எத்தினி கிராம் புரோட்டீன் செலவாவும்னு அந்தத் தாள்ல போட்டுக்குதுங்களா?"

போட்டிருக்கவில்லை. ஈஸ்வரி காலிக் குடத்தை எடுத்து வந்து, தாளின் மேலேயே வைத்தாள்.

"மொத நட நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் புருஷனிடம். "வந்து கையெழுத்துப் போடலாம்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கோபால்சாமி ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை. குடத்தைப் பார்த்தான். பள்ளத்தைப் பார்த்தான். பிறகு பேனாவை மூடி, மரியாதையாகத் திருப்பி நீட்டினான்.

"கீழக் கொல்ல சாமைக்கே இருக்கட்டுங்க சார். நமக்கு இருக்கிற சத்து போதும்."