பூசையில் வைத்த ஜன்னல்

ஜன்னலைச் சாத்தப் போனேன். கதவே கீலோடு பெயர்ந்து என் கையில் வந்துவிட்டது. உள்ளே மரமே இல்லை, பச்சை பெயிண்டுக்குள் கரையான் மண்தான் இருந்தது. மற்ற மூன்று ஜன்னல்களும் அதே கதிதான்.

தேக்கு என்று சொல்லி, தேக்குக்கான விலையையும் வாங்கிக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன் நாலு ஜன்னல்களை மாட்டிவிட்டுப் போனவன் மரப்பட்டறை கோவிந்தப்பன். கிருஷ்ணகிரித் தோப்பில் காய்ப்பு நின்று வெட்டிப்போட்ட மாமரம் அது. மரம் தெரியக் கூடாதென்று பட்டறையிலேயே பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தான், பாவி.

நியாயம் கேட்கப் போனேன். "கூலிக்காரங்களுக்கு எதுக்கும்மே தேக்கு? மாமரமே ஜாஸ்தி," என்று ஆட்கள் முன்னால் சிரித்தான்.

என் வீட்டுக்காரர் ஆஞ்சப்பனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. ஐப்பசி மழைக்கு முன் ஜன்னல்களை மாற்றியாக வேண்டும், இந்த ஊர்க் குளிர் கைக்குழந்தைக்கு ஆகாது. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தேக்கு என்றால் ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு, நினைக்கவே வேண்டாம். இரும்பு அறுநூறு, கண்ணாடி தனி. சிமெண்ட் ஜாலி மலிவு, ஆனால் மூட முடியாது, சாரல் நேராகத் தொட்டிலுக்கு வரும். அந்த வருஷம் பார்த்துக் கம்பெனியில் போனஸ் தகராறு வேறு.

"ரெண்டுக்கு இரும்பு போடலாம். ரெண்டைச் செங்கல் வச்சு அடைச்சிடலாம்," என்றார்.

"அது கெடக்கட்டும். மொதல்ல அவன் மூஞ்சியில கரி பூசணும்."

"இத்தினி ஆங்காரம் ஆகாது, கெம்பம்மா."

ஆகாதுதான். ஆனாலும் இருந்தது.

ஆயுத பூசை வந்தது. கோவிந்தப்பன் பட்டறையில் உளி, வாள், இழைப்புளி எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. புதுக் குவார்ட்டர்ஸுக்கு ஜன்னல் ஆர்டர் தரவிருந்த கம்பெனி என்ஜினியர்கள் பொரி கொறித்துக்கொண்டிருந்தார்கள். பெயர்ந்த கதவைத் தலையில் சுமந்துபோய் உளிகளுக்கு நடுவில் சாத்திக் குங்குமம் வைத்தேன்.

"அண்ணன் செஞ்ச ஜன்னல் சார். தேக்கு. கைவேலைக்கும் பூசை போடணுமில்ல?"

பூசாரி அதற்கும் கற்பூரம் காட்டிவிட்டார். ஒரு என்ஜினியர் விரலால் தட்டிப் பார்த்தார். பெயிண்ட் உடைந்து மண் கொட்டியது, கூடவே கரையானும். பொரி தின்ற வாயெல்லாம் நின்றுபோனது.

கோவிந்தப்பன் என் காதருகே குனிந்தான். "தாயி, நாலும் தேக்குலயே போட்டுத் தர்றன். சத்தியமா காசு வேணாம். இத எடுத்துக்கினு போயிடு."

தொட்டில் ஞாபகம் வந்தது. அவன் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

"பூசையில வச்சத மறுநாள் வரைக்கும் எடுக்கக் கூடாதுண்ணா, சாமி குத்தமாயிடும்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. பூசாரியும் தலையை ஆட்டினார்.

ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனது. அதற்கப்புறம் அவனிடம் யாரும் தேக்கென்று நம்பி எதையும் வாங்கவில்லை.

ஐப்பசி மழை கொட்டியது. போனஸ் வரவில்லை, எங்கள் ஜன்னல்களில் சாக்குதான் தொங்கியது. குழந்தைக்கு மார்ச்சளி கட்டிக்கொண்டது.

"சும்மா வந்த தேக்க உட்டுட்டியே, இதுக்கு என்ன சொல்ற?" என்று ஆஞ்சப்பன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கத்தினார்.

நனைந்த சாக்கைப் பிழிந்து மறுபடி கட்டினேன். ஒவ்வொரு இருமலுக்கும் என் நெஞ்சு அறுந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மறுபடி அந்தப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் நான் அதைத்தான் செய்வேன்.