அண்ணன் முதுகில் இருந்த மச்சம்

ஸ்டுடியோவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மச்சக்காரி என்றால்தான் தெரியும். அதிர்ஷ்டம் கொட்டுகிறது என்பதற்காக வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணப் பெண்களின் கன்னத்தில், கழுத்தில் இருக்கும் மச்சம், மரு, பருத்தழும்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இருந்த இடம் தெரியாமல் துடைத்தெடுப்பது அவள் வேலை. முதலாளி ஒருநாள் கிண்டலாகக் கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு படமாக உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கல்யாணப் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. ஒரே ஒரு படத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துகாட்டி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் சாஃப்ட்வேர் மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு ஃபோல்டரைக் காட்டிப் பொத்தானை அமுக்கினால் போதும். படங்கள் ஒவ்வொன்றாகத் தாமே திறக்கும், திருந்தும், மூடிக்கொள்ளும். வேலையில் சூரன்தான், ஆனால் மண்டையில் ஒன்றும் கிடையாது. சொன்னதைச் செய்யும், யாருக்குச் செய்கிறோம் என்று கேட்காது.

அவளிடம் அப்படிப் பெயர் வைத்தவை இரண்டு இருந்தன. திரையில் மேல் வரியில் ‘கல்யாணம்’, அதற்கு நேர் கீழே ‘கிளினிக்’.

கிளினிக் என்பது மாடியில் இருந்த தோல் வைத்தியசாலை. டாக்டர் இருப்பது வேறு ஊரில். சிஸ்டர் நோயாளிகளைப் படமெடுத்து அனுப்புவாள். அவர் போன தடவைப் படத்தையும் இந்தத் தடவைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மருந்து போதுமா, கத்தி வைக்க வேண்டுமா என்று சொல்வார். படங்கள் பெரிதாக இருந்தால் அனுப்ப முடியாமல் திணறும். அதனால் வாராவாரம் கேமராவின் கார்டு கீழே ஸ்டுடியோவுக்கு வரும். படங்களைச் சின்னதாக்கி நேராகத் திருப்பி வைக்க வேண்டியது, அவ்வளவுதான் ‘கிளினிக்’கின் வேலை.

அந்தப் படங்களை அவள் பார்ப்பதில்லை. யாரோ ஒருத்தியின் மார்பு, யாரோ ஒருவரின் தொடை. நமக்கென்ன அங்கே பார்வை? பொத்தானை அமுக்கும்போதே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிடுவாள். முடிந்தது என்று மணி அடித்ததும், எடுத்த படத்தின் மேலேயே திருந்திய படம் பதிந்திருக்கும். மாடிக்கும் கீழுக்கும் பொதுவான அந்த ஃபோல்டரிலிருந்து சிஸ்டர் எடுத்து டாக்டருக்கு அனுப்பிக்கொள்வாள். கார்டையும் சுத்தமாக அழித்துக் கொடுத்துவிடுவாள். அப்படித்தான் சிஸ்டரின் கட்டளை. மானம் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே, அதன் இன்னொரு பிரதி எங்கும் கிடக்கக் கூடாது.

இந்த வாரக் கார்டில் அவளுடைய அண்ணன் முதுகும் இருந்தது. லாரி ஓட்டுகிறவர். ஆள் பார்க்க மலைபோல இருப்பார், ஊசி என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார். முதுகில் இருந்த மச்சம் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்று அண்ணிதான் முதலில் கவனித்தாள். கெஞ்சி, திட்டி, கடைசியில் சாப்பாடு போடமாட்டேன் என்று மிரட்டி, அவரை மாடிக்கு இழுத்து வந்தாள். முதல் படத்தைப் பார்த்ததுமே டாக்டர், அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தால் உடனே வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மச்சக்காரி சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா போன பிறகு அவளை ஆளாக்கியவர் அந்த அண்ணன். இந்தத் தடவை படங்கள் ஓடும்போது நாற்காலியை மட்டுமா திருப்பினாள்? கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

இந்தத் தடவை படங்கள் திணறித் திணறித்தான் போய்ச் சேர்ந்தன. சிஸ்டர் அவற்றை அனுப்பிய மறுநாள் மத்தியானம் அண்ணன் போன் செய்தார்.

“பாப்பா! தப்பிச்சேன் போ! வெட்டவே வேண்டாமாம்!”

“நிஜமாவாண்ணா?”

“சிஸ்டர் இப்பத்தான் சொன்னாங்க. மச்சம் நல்லா மங்கிப்போச்சாம். ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கமே வர வேண்டாமாம். உங்க அண்ணி, நான் போய்ச் சேர்ந்துட்ட மாதிரியே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தாளே, இப்போ பாக்கணும் நீ!”

அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அண்ணன் விடாமல் பேசிக்கொண்டே போனார்.

“எனக்கு மட்டுமில்ல பாப்பா, இந்த வாரம் எல்லாருக்கும் நல்ல சேதிதானாம். புது மருந்து பிரமாதம்னு சிஸ்டருக்குத் தலைகால் புரியல. எனக்கு மருந்தே குடுக்கல, எனக்கும் மங்கிடுச்சு பாரேன்! வேண்டாம்னு சொல்லியிருந்தேனே அந்த லாங் ட்ரிப், அதை ஒத்துக்கிட்டேன். சாயங்காலம் கிளம்பறேன். திரும்பி வர மாசக்கணக்காகும்.”

போனை வைத்த பிறகும் ‘எல்லாருக்கும்’ என்ற சொல் அவள் காதிலேயே நின்றது. அது எப்படி எல்லாருக்கும்? மருந்து தொடாத மச்சம் எப்படி மங்கும்?

கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். இதுவரை திறந்து பார்க்காத ஃபோல்டரைத் திறந்தாள்.

ஒரு முழங்கை. மாசு மருவில்லாமல் வழவழவென்று இருந்தது. அடுத்தது ஒரு வயிறு, அதுவும் அப்படியே. கிழவர் ஒருவரின் நெற்றி, கல்யாணப் பெண்ணின் நெற்றியாக மின்னியது. ஒரு படத்தில் சிஸ்டர் புண்ணுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்திருந்தாள். அளவுகோல் இருந்தது, புண்ணைக் காணோம். கடைசியில் அண்ணன் முதுகு. சின்ன வயதில் அவள் சவாரி போன முதுகு. மச்சம் இருந்த இடத்தில், சாம்பலை ஊதிவிட்டதுபோல ஒரு மங்கல் மட்டும் இருந்தது.

அடிப்பாவி! பார்க்கக் கூடாது என்று முந்திக்கொண்டு முகத்தைத் திருப்பியவள், எந்த வரியில் அமுக்குகிறோம் என்று பார்த்துவிட்டல்லவா திருப்பியிருக்க வேண்டும்? கார்டு வந்த அன்று காலை முழுக்க ஒரு கல்யாண ஆல்பம் ஓட்டியிருந்தாள். தேர்வு ‘கல்யாணம்’ வரியிலேயே நின்றுகொண்டிருந்தது; அதை மாற்றாமலே அமுக்கிவிட்டாள்.

பழைய படத்தைத் தேடினாள். எங்கே இருக்கும்? அதன்மேல்தானே இது பதிந்திருக்கிறது. கார்டையும் அவள் கையாலேயே அழித்தாயிற்று. முதலாளியிடம் ஓடினாள். கேட்டு முடிப்பதற்குள் அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“மெதுவாப் பேசு. வேற யாருக்காவது தெரியுமா?”

“இன்னும் இல்ல சார்.”

“தெரியவும் வேண்டாம். சொல்லிட்டோம்னு வை, கேஸு கோர்ட்டுன்னு அலையணும். கடையை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். உங்க அண்ணனை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. செலவு என்னுது.”

“மத்தவங்க, சார்?”

“மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சாதாரணச் சொறி, சிரங்கு.”

மறைப்பானேன், ஒரு நொடி அவள் மனம் முதலாளி சொன்னதற்கு இறங்கிவிட்டது. அண்ணன் பிழைத்தால் போதும் என்றே பட்டது. ஆனால் அவள் கண்ணுக்குள் அந்த ஃபோல்டர் இன்னும் திறந்தே இருந்தது. அந்த முழங்கை யாருக்கோ அண்ணன், அந்த நெற்றி யாருக்கோ அப்பா. அவற்றில் எது சாதாரணச் சொறி என்று இனி யார் சொல்ல முடியும்? அவள்தான் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டாளே.

“இல்ல சார், நான் மேல போறேன்.”

“போனா அப்படியே போயிடு. திரும்பி இங்க வராதே.”

படியேறி மாடிக்குப் போனாள். சிஸ்டர் போனில் இன்னொரு நோயாளிக்கு நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சக்காரி போனை அவள் கையிலிருந்தே பிடுங்கி வைத்தாள். நடந்ததைச் சொல்லி முடித்தாள். சிஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“எல்லாப் படத்துலயுமா?”

“எல்லாத்துலயும், சிஸ்டர்.”

“நீ பாக்கவே இல்லையா? ஒண்ணைக்கூடவா பாக்கல?”

“பாக்கறது தப்புன்னு நினைச்சேன்.”

சிஸ்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிளினிக் கேமராவை எடுத்து நீட்டினாள். “உங்க அண்ணன் கிளம்பறதுக்குள்ள பிடி. நீயே எடு, அங்கேருந்தே டாக்டருக்கு அனுப்பு. நான் அவர்கிட்ட பேசிட்டு, மத்தவங்களை ஒவ்வொருத்தரா திரும்ப வரச் சொல்றேன்.”

பஸ் நகர்ந்ததா, அவள்தான் அதைத் தள்ளிக்கொண்டு போனாளா, தெரியாது. அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணி வீட்டு வாசலில் நின்று, லாரியில் ஏற்றப் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்; இவள் முகத்தைப் பார்த்ததும் மடித்தது கையிலிருந்து விழுந்தது. அண்ணன் உள்ளே கிளம்பத் தயாராக நின்றார்.

“அண்ணா, சட்டையைக் கழட்டு.”

“என்ன பாப்பா, லோடு காத்துக்கிட்டிருக்கு. டாக்டர்தான் ஒண்ணுமில்லன்னுட்டாரே!”

“டாக்டர் பாத்தது உன் முதுகை இல்லண்ணா. நான் துடைச்சுவிட்ட முதுகை.”

அவர் சிரிக்கப் போனார். அவள் அழுவதைக் கண்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார்.

இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. மூட முடியாது, படம் தெளிவாக விழ வேண்டும். மச்சம் கறுத்து, ஒரு பக்கம் கரை உடைந்து பரவியிருந்தது. நடுவில் ஒரு சிவப்பு. வாழ்நாளெல்லாம் மச்சம் துடைத்தவள், இப்படி ஒன்றை எந்தப் பெண்ணின் கன்னத்திலும் கண்டதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். படத்தைப் போனுக்கு மாற்றினாள்.

“எப்படி இருக்கு பாப்பா?”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியின் சட்டத்தைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் இறுகியது. அவ்வளவு பெரிய மனிதர், சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டார்.

“இதையும் கொஞ்சம் துடைச்சு அனுப்பிடேன்.”

அவள் ஒரு கையை அண்ணன் தோளில் வைத்துக்கொண்டாள். படத்தை உள்ளபடியே அனுப்பினாள்.